"உங்களுக்கு எது மாறணும்?" என்று கேட்கும் ஆலோசகரிடம் என்ன சிகிச்சை நடக்கிறது?

மதுரையிலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஆண்கள் மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்பது அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் தெரிந்துவிட்டது; அப்பாவுக்கு இன்னும் தெரியாது. மாமா ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனார். மாத்திரையும், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்ற வார்த்தையும் கிடைத்தன. பிறகு இவராகவே தேடி வேறொரு மனநல ஆலோசகரிடம் நான்கு முறை போயிருக்கிறார். "இது நோய் இல்லை, இதை மாத்துறது நம்ம வேலையும் இல்லை. உங்களுக்கு எது மாறணும்னு சொல்லுங்க, சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்கிறாராம் அந்த ஆலோசகர். ஒரு அமர்வுக்கு 800 ரூபாய். தூக்கம் இன்னும் சரியாகவில்லை. "இது சிகிச்சையா, இல்லை நான் கேட்க ஆசைப்படுவதைச் சொல்லி அனுப்பிவிடுகிறாரா?" என்று முடித்திருக்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் ஈர்ப்பை மாற்ற முயலாதது சரியா என்பது ஒன்று. அதை மாற்றப்போவதில்லை என்றால் பிறகு எதற்குத்தான் சிகிச்சை, அது நடக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சந்தேகமே இல்லாத பதில் உண்டு. இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அது நியாயமான கேள்வி. ஆலோசகரைச் சந்தேகப்படுகிறோமே என்று தயங்க வேண்டாம்.

முதல் கேள்வி. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல் தவிப்பவருக்கு என்று பழைய பட்டியலில் மிச்சமிருந்த ஒரு பிரிவையும், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பு எடுத்துவிட்டது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நெறிகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று 3ஆவது பிரிவில் சொல்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, ஈர்ப்பை மாற்றுகிறோம் என்ற பெயரில் நடக்கும் எந்தச் சிகிச்சைக்கும் தடை விதித்தது. அதை எழுதுவதற்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து, தனக்குத் தெரியாதவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்க மீறல் என்று அறிவித்தது. உங்கள் ஆலோசகர் சொன்னது அவருடைய சொந்தத் தாராள மனசு அல்ல. துறையின் நிலையும் சட்டத்தின் நிலையும் அதுதான்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அது எதற்காக எழுதப்பட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ எழுதப்பட்டிருந்தால் அது உங்களுக்குத் தேவைப்படும் மருந்தாகவே இருக்கலாம். பெரும்பாலான மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம். அதனால் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "எந்த நோய்க்கு இந்த மாத்திரை?" என்று நேராகக் கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இவ்வகை மருந்துகளில் பல பாலுணர்வு வேட்கையையே குறைக்கும். ஆசை மங்கியதைப் பார்த்து "குணமாகி வருகிறது" என்று வீட்டார் சந்தோஷப்படுவதும், அதை நம்பித் திருமணத் தேதி குறிப்பதும் நடக்கின்றன. அது பக்கவிளைவு மட்டுமே. ஈர்ப்பு யார் மீது என்பதை எந்த மாத்திரையும் மாற்றாது.

இனி இரண்டாவது கேள்வி. அடையாளத்தை ஏற்றுக்கொண்டு செய்யும் சிகிச்சை என்றால், ஆலோசகர் தலையசைத்து "நீங்க நல்லவர், நீங்க சரி" என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் அடையாளத்தை நோய்க்காரணமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, உங்களை வதைப்பது எது என்று தேடுவதுதான் அதன் முதல் வேலை. சிறுபான்மை அழுத்தம் என்று ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விரிவாக எழுதிய கோட்பாடு இந்தத் தேடலுக்கு நல்ல வரைபடம். அடி, வசவு, வேலையில் அவமானம் என்று வெளியிலிருந்து வந்து விழுபவை ஒரு புறம். மறுபுறம், அவற்றால் உள்ளே உருவாகிவிடுபவை: எந்த நேரமும் நிராகரிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது, மறைத்து மறைத்து வாழும் களைப்பு, ஊர் சொல்வதைத் தானே நம்பித் தன்னை வெறுப்பது. விளக்குத்தூணிலிருந்து வீடு போகும் வரை நடையையும் கையசைவையும் கவனித்துக்கொண்டே போகிறவருக்கு இரவில் உடம்பு தளராதது இயல்பு. அது அவருடைய ஈர்ப்பின் விளைவு அல்ல, காவல் காத்ததன் விளைவு. ஆலோசகர் உங்களோடு உட்கார்ந்து இந்த நான்கையும் ஒரு தாளில் பிரித்து எழுதியிருக்க வேண்டும். நான்கு அமர்வுக்குள் அப்படி ஒரு தாள் உருவாகவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

"சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்பதற்கும் திட்டமான பொருள் இருக்கிறது. உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சொன்ன மூன்று விஷயங்களைத்தான் இன்றும் துறை அடிப்படையாக வைத்திருக்கிறது: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கை. நம்பிக்கை மட்டும் இருந்து மற்ற இரண்டும் இல்லாவிட்டால் அது ஆறுதலான பேச்சு. ஆறுதலுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் நீங்கள் சிகிச்சைக்காகப் போயிருக்கிறீர்கள். "மன நிம்மதி வேணும்" என்று நீங்கள் சொன்னால், ஆலோசகர் அதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நிம்மதி வந்துவிட்டால் உங்கள் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும், காலையில் எழுந்ததும் என்ன வித்தியாசம் தெரியும், உங்கள் அம்மா எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார் என்று கேட்டுக் கேட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய குறியாக மாற்ற வேண்டும். "வாரத்தில் நான்கு நாளாவது இரவு 12 மணிக்குள் தூக்கம்", "சித்தி கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து ஓடாமல் ஒரு பதில்" என்பவை குறிகள். மூன்றுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை அவற்றை எடுத்துப் பார்த்து, தேவையில்லாததை அடிக்க வேண்டும்.

தூக்கத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அடையாளத்தைக் கணக்கில் எடுப்பதற்கும் எடுக்காததற்கும் உள்ள வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். தூக்கமின்மைக்கு வழக்கமான அறிவுரை, இரவு 10 மணிக்குப் போனை அணைத்து வையுங்கள் என்பது. ஆனால் உங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பலருக்கு வீடு தூங்கிய பிறகு வரும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் தாங்களாக இருக்கும் நேரம். நண்பர்களோடும் துணையோடும் பேசுவது அப்போதுதான். அதைப் பிடுங்கினால் இரண்டு நாள் கடைப்பிடிப்பார், மூன்றாம் நாள் விட்டுவிடுவார், "நான் சொன்னதைச் செய்யவில்லை" என்று ஆலோசகர் நினைப்பார். உங்கள் விஷயம் இப்படித்தானா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆலோசகர் முதலில் 7 நாள் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்வார்: படுத்த நேரம், தூங்கிய நேரம் உத்தேசமாக, எழுந்த நேரம், படுக்கையில் என்ன செய்தீர்கள். அதைப் பார்த்த பின், அந்தப் பேச்சை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன் 8 மணிக்கு நகர்த்த முடியுமா என்று இருவரும் யோசிப்பீர்கள். எழும் நேரத்தை ஞாயிறு உட்பட ஒரே நேரமாக வைப்பது, படுத்து 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து கண் சொருகும்போது மட்டும் திரும்புவது போன்றவை எல்லாருக்கும் பொதுவான முறைகள்தாம். அவை உங்கள் வாழ்க்கைக்குள் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் 'சேர்ந்து' என்ற சொல்லுக்கு வேலை.

எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறையிலும் இதே கவனம் தேவை. மனதில் ஓடும் எண்ணத்தை எழுதி, ஆதரவான சான்று, எதிரான சான்று என்று இரு பக்கம் போட்டுப் பார்ப்பது நல்ல கருவி. ஆனால் "அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டு அனுப்பிருவார்" என்பதை மிகைப்படுத்திய எண்ணம் என்று ஆலோசகர் திருத்தப் புறப்பட்டால் அது தவறு, சில வீடுகளில் ஆபத்தும்கூட. அது நடக்கக்கூடியது. அதற்குச் சான்று தேட வேண்டாம், திட்டம் போட வேண்டும். "என்னால இந்தக் குடும்பத்துக்கே சாபம்" என்பது வேறு வகை எண்ணம். அது ஊர் வாயிலிருந்து உங்களுக்குள் இறங்கியது. அதைத்தான் மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்: இதை முதலில் யார் சொன்னது, எந்த வயதில், அது இல்லாமல் நீங்கள் உங்களை எப்படிப் பார்த்தீர்கள்? இந்த இரண்டு வகை எண்ணங்களையும் ஒரே தட்டில் வைக்கும் ஆலோசகர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அடையாளத்தைப் புரிந்துகொண்டவர் ஆகமாட்டார்.

ஒரு அமர்வு பொதுவாக 45 முதல் 50 நிமிடம். தொடங்கும்போது கடந்த வாரம் எப்படிப் போனது என்று அளவிட்டுக் கேட்பது, இன்று எதைப் பேசுவது என்று உங்களிடம் கேட்டு முடிவு செய்வது, கடைசி ஐந்து நிமிடத்தில் இன்று நடந்தது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்பது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இதற்கு உளவியலாளர் ஸ்காட் மில்லரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய எளிய தாள் ஒன்று உண்டு: 10 சென்டிமீட்டர் கோடுகள் நான்கு, நான் சொன்னதைக் கேட்டாரா, எனக்கு முக்கியமானதைப் பேசினோமா, முறை எனக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் எப்படி என்று கோட்டின் மேல் குறி வைக்க வேண்டும். மொத்தம் 40. 36க்குக் கீழே வந்தால் எது சரியில்லை என்று அங்கேயே பேச வேண்டும். நம் ஊரில் இது கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான். "மேடம் மனசு கஷ்டப்படும்" என்று எல்லாரும் 40க்கு 40 போட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் குறை சொல்லிப் பழக்கமில்லாத வளர்ப்பு அது. முழு மதிப்பெண் தொடர்ந்து வந்தால் நல்ல ஆலோசகர் மகிழமாட்டார்; "ஒரே ஒரு விஷயம் மாத்தலாம்னா எதைச் சொல்வீங்க?" என்று விடாமல் கேட்பார். உங்களிடம் தாள் இல்லாவிட்டாலும் வாயால் கேட்கிறாரா என்று பாருங்கள். நான்கு அமர்வில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்றால், நீங்களே சொல்லுங்கள்: "மேடம், பேசுனா ஆறுதலா இருக்கு, ஆனா தூக்கத்துக்கு என்ன செய்யுறோம்னு தெரியல." இதைக் கேட்டு அவர் முகம் சுருங்கினால் அதுவும் ஒரு தகவல். உடனே தாளை எடுத்து எழுதத் தொடங்கினால் தொடருங்கள்.

ஏற்றுக்கொள்ளும் ஆலோசகர்களிடமும் நடக்கும் தவறுகள் இருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவது உங்களுக்கு உதவாது. அவற்றில் மோசமானது, வெளியே சொல்லிவிடுங்கள் என்று தள்ளுவது. "மறைச்சு வாழுறதுதான் உங்க பிரச்சினை, அப்பாகிட்ட சொல்லிருங்க" என்று ஆர்வத்தில் சொல்லிவிடுவார்கள். வேறெங்கோ வாழும் ஒருவருக்குப் பொருந்தியது, ஒரே கூரையின் கீழ், ஒரே தெருவில் பங்காளிகளோடு வாழும் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பது முழுக்க உங்கள் முடிவு. சொல்ல நினைத்தால் அதற்குமுன் ஆலோசகர் உங்களோடு சரிபார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை: சம்பளம் உங்கள் கணக்குக்குத்தான் வருகிறதா, ஏடிஎம் அட்டை யார் கையில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் ஆதாரும் எங்கே இருக்கின்றன, மூன்று மாதச் செலவுக்குப் பணம் உண்டா, அன்றிரவே கிளம்ப நேர்ந்தால் படுக்க ஒரு இடம் இருக்கிறதா, சொந்தத்தில் உங்கள் பக்கம் நிற்கும் ஒரே ஒரு ஆள் யார். இவற்றுக்குப் பதில் இல்லாமல் சொல்லச் சொல்கிறவர் உங்களை ஏற்றுக்கொண்டிருக்கலாம். உங்களோடு சேர்ந்து முடிவெடுக்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தங்கள் கூடும் வாரமும், ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களும் இதைச் சொல்லத் தோதான காலம் இல்லை. அந்த வாரங்களுக்கு வேறு தயாரிப்பு வேண்டும். "இன்னும் ரெண்டு வருஷம் வேலையில நிலைக்கணும் சித்தி" என்ற ஒரு வாக்கியத்தை, சித்தியாக ஆலோசகர் நடிக்க நீங்கள் சொல்லிச் சொல்லிப் பழகுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

இன்னொரு தவறு, உங்களை ஒரே அடையாளமாகச் சுருக்கிவிடுவது. நீங்கள் தன்பாலீர்ப்பாளர் மட்டுமல்ல. ஒருவருக்கு மகன், ஒரு சாதியில் பிறந்தவர், ஒரு சாமியைக் கும்பிடுகிறவர் அல்லது கும்பிடாதவர். அழகர்கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறவரிடம் "மதந்தான் உங்களை அடக்குது, விட்டுருங்க" என்று சொல்வதும் திணிப்புதான். சாதி விஷயம் இதைவிட நுட்பமானது. நம் பக்கம் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆலோசகர் உங்கள் சாதிக்காரராக இருந்தால் விஷயம் வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம். வேறு சாதியாக இருந்தால் நம்மை எப்படிப் பார்ப்பாரோ என்ற பயம். பட்டியல் சமூகத்திலிருந்து வருபவருக்கு இந்த இரண்டாவது பயம் அனுபவத்திலிருந்து வருவது. இதை ஆலோசகர்தான் முதலில் பேச வேண்டும், வருபவர் தலையில் அந்தப் பாரத்தை வைக்கக் கூடாது. "நான் இன்ன பின்னணியிலிருந்து வர்றேன், எனக்குப் புரியாம போற விஷயம் இருக்கும், அப்போ நிறுத்திச் சொல்லுங்க" என்று ஒரு வரி போதும். அதைச் சொல்லும் ஆலோசகர்கள் குறைவு. கேட்டால் ஏற்கும் ஆலோசகர்கள் அவ்வளவு குறைவில்லை.

இதே கேள்வியைத் திருநர் ஒருவர் கேட்டிருந்தாலும் அடிப்படை மாறாது. உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் அந்த 11ஆவது பதிப்பில் பாலின முரண்பாடு (பிறப்பில் குறித்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒத்துப்போகாதது) மனநோய் அத்தியாயத்திலிருந்து நீக்கப்பட்டு, பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றது. அவர்களுக்கு மருத்துவச் சான்று, ஆவண மாற்றம் என்று வேறு பல வேலைகள் சேரும். அது தனிப் பதிலுக்கு உரியது.

ரகசியம் பற்றி. மாமா போன் செய்து "பையன் என்ன சொல்றான்?" என்று கேட்டால் ஆலோசகர் என்ன பதில் சொல்வார்? இதை முதல் அமர்விலேயே பேசியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவரின் விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்ல முடியாது; பணம் கட்டுபவர் யார் என்பதால் அது மாறாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றிய தகவல் ஆகியவை முக்கியமான விதிவிலக்குகள். கடைசியானதைப் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். நடைமுறையில் விஷயம் கசிவது பெரும்பாலும் ஆலோசகரின் வாயிலிருந்து அல்ல. வரவேற்பறையில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது, நினைவூட்டல் குறுஞ்செய்தி வீட்டுப் போனுக்குப் போவது, கூகுள் பே விவரத்தில் 'கவுன்சலிங்' என்று எழுதுவது, அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ மருத்துவமனை வாசலில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது என்று இப்படித்தான் தெரியவரும். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், என்ன பெயரில் செய்தி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவையுங்கள். ஆன்லைனில் பேசினால் மொட்டைமாடியை நம்ப வேண்டாம், அது காற்றில் கீழே கேட்கும். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் சொல்ல ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "அந்த பில்லை அப்புறம் அனுப்புறேன்" என்றால் பேச்சை மாற்ற வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவை அழைத்து வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வரலாம், அவசரம் வேண்டாம். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அது பயனுள்ளதாகவே இருக்கலாம். முதலில் நீங்களும் ஆலோசகரும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். துணை இருக்கிறாரா என்பது பெரும்பாலும் 'சொல்லக் கூடாது' பக்கத்தில் இருக்க வேண்டியது. பிறகு அம்மாவோடு தனியாக ஒரு அமர்வு. அதில் அவர் பேசட்டும், ஆலோசகர் பாடம் எடுக்கக் கூடாது. மதுரைப் பக்கத்து அம்மாக்கள் முதலில் கேட்பது பாவ புண்ணியம் பற்றி அல்ல. "தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோமே, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? எனக்கப்புறம் இவனை யார் பாத்துக்குவா?" இரண்டும் உண்மையான கவலைகள். அவற்றுக்கு மரியாதை கொடுத்துப் பதில் பேசினால்தான் "ஜாதகத்துல தோஷம் இருக்கு, பரிகாரம் பண்ணினா போதும்" என்ற இடத்திலிருந்து அவர் நகர்வார். மூவரும் உட்காரும் அமர்வு அதற்குப் பிறகுதான். அம்மா அழுதால் சிகிச்சைக்கு வந்திருப்பவர் யார் என்பதை ஆலோசகர் மறந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அம்மாவின் ஆறுதலுக்காக உங்களிடமிருந்து ஒரு வாக்குறுதியை, 'முயற்சி பண்ணிப் பாக்குறேன்' என்பது போல ஒன்றை வாங்கப் பார்த்தால், அங்கேயே நிறுத்துங்கள்.

இந்த முறைக்கு ஆதாரம் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈர்ப்பை மாற்ற முயல்வது பயனற்றது, கெடுதல் செய்வது என்பதில் ஐயமில்லை. ஆலோசகருக்கும் வருபவருக்கும் உள்ள கூட்டுறவு நன்றாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கிறது என்பதும் உறுதி. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இரண்டுக்கும் இடையே 0.28 அளவுக்குத் தொடர்பு (1 என்றால் முழுத் தொடர்பு) இருப்பதைக் காட்டியது. மிதமான தொடர்புதான். பலனில் பெரும்பகுதி உங்கள் வாழ்க்கைச் சூழல், வருமானம், உடன் நிற்பவர்கள், நோயின் தீவிரம் போன்ற மற்றவற்றால் வருகிறது. தன்பாலீர்ப்பாளர்களுக்கென்றே வடிவமைத்த சிகிச்சை, பொதுவான நல்ல சிகிச்சையைவிட மேலானதா என்பதுதான் இன்னும் தீராத விஷயம். அமெரிக்காவில் உளவியலாளர் ஜான் பச்சான்கிஸ் குழு 10 அமர்வுகள் கொண்ட ஒரு முறையை உருவாக்கி 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சிகிச்சைக்காக இன்னும் காத்திருந்தவர்களைவிட அதை எடுத்துக்கொண்டவர்களின் மனச்சோர்வு குறைந்தது; 2022இல் வந்த பெரிய ஆய்வில் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சூழல் நம் சூழலும் இல்லை. ஆகவே இந்த முறைதான் ஒரே வழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்களுக்கு வேலை செய்கிறதா என்று அளந்து பார்ப்பதுதான் வழி. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்வித் தாள் தமிழிலும் உண்டு. மொத்தம் 27, 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மனச்சோர்வைத் தீவிரமாகக் கவனிக்க வேண்டும். முதல் அமர்விலும் பிறகு நான்கைந்து அமர்வுக்கு ஒருமுறையும் போடச் சொல்லுங்கள். எட்டு அமர்வு தாண்டியும் எண் அசையவில்லை என்றால் முறையை மாற்றுவது, மனநல மருத்துவரையும் சேர்ப்பது, ஆலோசகரையே மாற்றுவது என்று பேச வேண்டும்.

அந்தத் தாளின் 9ஆவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு நீங்கள் 'ஒன்றுமில்லை' தவிர வேறு எதைக் குறித்தாலும் மற்ற எல்லாப் பேச்சையும் நிறுத்திவிட்டு அன்றே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும்: எண்ணம் முற்றுவதற்கு முன் தெரியும் அறிகுறிகள், தனியாகச் செய்து தணிக்கக்கூடியவை, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய பெயர்கள், மருத்துவ உதவி எண்கள், வீட்டிலிருந்து அகற்ற வேண்டியவை. உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் விவசாய வீடுகளில் கடைசியானதுதான் மிக முக்கியம். பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது, பூட்டிய இடத்தில், சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும். மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நேரில் என்றால் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆலோசகரின் தகுதியை விசாரிப்பது மரியாதைக் குறைவு இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. வெறும் 'கவுன்சிலர்' என்ற பலகைக்குப் பின்னால் இரண்டு வருட முதுகலைப் படிப்பும் இருக்கலாம், இரண்டு வாரச் சான்றிதழும் இருக்கலாம். என்ன படித்தார், பால்புதுமையினரோடு (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா, தன் வேலையை யாரிடமாவது மேற்பார்வைக்குக் கொண்டுபோகிறாரா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேடிவ் என்ற மனநல அமைப்பு நடத்துவது போன்ற பயிற்சிகளை முடித்தவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள்.

மாத்திரை கொடுத்து ஈர்ப்பை மாற்ற முயன்றது உறுதியானால் அந்த மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். புகார் செய்வதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒருவேளை நீங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்து, 'காணவில்லை' என்று வீட்டார் காவல் நிலையம் போனாலும், வயது வந்தவர் தன் விருப்பத்தில் போனது தெரிந்ததும் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று முன்பு சொன்ன அதே 2021 நீதிமன்ற உத்தரவு காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மதுரை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

அடுத்த அமர்வுக்குப் போகும்போது மூன்று குறிகளை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தூக்கத்தை முதலாவதாக. ஏழு நாள் தூக்கக் குறிப்பையும் கொண்டுபோங்கள். அதை வைத்து அவர் உங்களோடு என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தால், 800 ரூபாய்க்கு என்ன நடக்கிறது என்று அந்த 50 நிமிடத்துக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். மாற்றிக்கொள்ள முடிவு செய்தால் சொல்லாமல் நின்றுவிட வேண்டாம். இதுவரை பேசியதன் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அடுத்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.